வாசு வாங்கிய பத்துக்குப் பத்து

ஜனனியின் பயம் சாதாரணப் பயம் இல்லை. காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறும்போது சுண்டைக்காய் அளவில் வயிற்றுக்குள் உட்காரும். ஷா ஆலாம் வருவதற்குள் தேங்காய் ஆகும். சுபாங் ஜெயாவில் பூசணிக்காய். கே.எல். சென்ட்ரலில் இறங்கும்போது அதைச் சுமந்துவரத் தனியாக இரண்டு ஆள் வைக்க வேண்டும். ஒரு நாள் பெண்கள் பெட்டியில் பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வயிற்று வலி என்று முடிவு செய்து, தைலக் குப்பியை எடுத்து அவள் மூக்கருகே நீட்டியே விட்டார்.

இத்தனைக்கும் அவள் போவது புலிக்கூண்டுக்கு இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில், முழங்கால் உயர மேசையில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளோடு உட்காரும் வேலைக்கு. பேச்சு வராத, கூப்பிட்டால் திரும்பாத, பிடிக்காத ஒன்று நடந்தால் கூரை ஓடு பறக்கக் கத்துகிற பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு பழக்கத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டாகக் கற்றுக்கொடுக்கும் மையம் அது. அங்கே அவள் பதவிக்குப் பெயர் பிஹேவியர் தெரப்பி டெக்னீஷியன். அம்மா மலர் அக்கம்பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் மூச்சு முட்டி, "பிள்ளைங்களுக்கு டாக்டர் மாதிரி" என்று முடித்துவிடுவார். போர்ட் கிள்ளானில் கண்டேனர் லோரி ஓட்டும் அப்பா திருச்செல்வத்துக்கு அதுவும் பிடிபடவில்லை.

"டெக்னீஷியன்னா ஏர்கோன் கழுவறவங்கதானே? நம்ம வீட்டு ஏர்கோன்லயும் தண்ணி சொட்டுதும்மா, கொஞ்சம் பாரு."

நாற்பது மணி நேரப் பயிற்சியில் ஜனனி முதல் ஆளாகத் தேறியவள். பிள்ளை கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, வாய்ப் பக்கமாகவே மெல்ல அழுத்தினால் பிடி தளரும் என்பது பாடம். பரீட்சையில் அதைப் படம் போட்டு எழுதியிருந்தாள். முதல் நாள், முதல் மணி நேரத்தில், நான்கு வயது வாசு அவள் கையைக் கடித்தபோது, படித்ததெல்லாம் ஜன்னல் வழியாகப் பறந்துபோய் மோனோரயில் ஏறிவிட்டது. இழுத்தாள். அவனும் விடவில்லை. அந்தத் தடத்தை வைத்தே அவனுக்குப் பல்செட் செய்துவிடலாம் போல இருந்தது.

"பதினொண்ணு," என்று பல் தடத்தை எண்ணிச் சொன்னாள் அமுதவள்ளி. மையத்தில் இரண்டு வருடம் குப்பை கொட்டிய சக டெக்னீஷியன். "எனக்கு முதல் நாள் ஒம்பதுதான். நீ பெரிய ஆளா வருவ லா."

வாசுவைக்கூடச் சமாளித்துவிடலாம். ஜனனியின் பூசணிக்காய்க்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது சூப்பர்வைசர் ரமணி மேடம். முப்பத்தைந்து வயது இருக்கும். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். பிழை கண்டால் கையில் உள்ள பேனாவை மேசையில் மெதுவாக வைப்பார், அவ்வளவுதான். அந்த 'டக்' சத்தம் கேட்டு முன்பு இருந்த ஒரு பெண் செருப்பைக்கூடப் போடாமல் செந்தூல் வரைக்கும் ஓடிப்போனாள் என்று அமுதவள்ளி சத்தியம் செய்வாள். ஒவ்வொரு அறையின் மூலையிலும் ஒரு கேமரா. ரமணி மேடம் தன் அறையில் இருந்தே எல்லாரையும் பார்ப்பார். மலிவான கேமரா, படம் மட்டும் வரும், சத்தம் வராது. அந்தச் சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசுவின் அம்மா காமாட்சி கீழே இரண்டு கடை தள்ளிச் சேலைக் கடையில் வேலை செய்பவர். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. காலையில் பிள்ளையை மாடிக்குத் தூக்கி வந்து விடுவார். ஒரு நாள்கூட "என் பிள்ளை எப்படி டீச்சர்?" என்று கேட்டதில்லை. ஜனனியின் கையில் புதுப் பிளாஸ்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போவார்.

பாடம் எளிது. மேசையில் மூன்று அட்டை: சிவப்பு, நீலம், மஞ்சள். "சிவப்பு எடு" என்று ஜனனி சொல்ல வேண்டும். சரியாக எடுத்தால் டப்பாவில் இருந்து மிளகு அளவு முறுக்குத் துண்டு. முறுக்கு என்றால் வாசு கைலாயத்தையே எழுதிக் கொடுப்பான். தப்பாக எடுத்தால் ஒன்றும் இல்லை. அட்டைகளை இடம் மாற்றி மறுபடி. பத்து முறை கேட்டு, தாளில் சரிக்குக் கூட்டல், தப்புக்குக் கழித்தல். முதல் ஆறு வாரம் தாள் முழுக்கக் கழித்தல். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடைத்த கூட்டலும் குருட்டாம்போக்கில் விழுந்தது. அவன் அட்டையையும் பார்க்கவில்லை, ஜனனியையும் பார்க்கவில்லை. ஆறு வாரத்தில் அவன் அவள் முகத்தைப் பார்த்த நேரத்தைக் கூட்டினால் கண் சிமிட்டும் நேரம்கூடத் தேறாது. மேலே சுற்றும் காற்றாடியிடம் மட்டும் அவனுக்குப் பூர்வஜென்மப் பழக்கம்.

"மூணாம் மாசம் முடிஞ்சா புரொபேஷன் ரிவ்யூ," என்றார் ரமணி மேடம் ஆறாம் வாரக் கடைசியில். "நான் அறைக்குள்ளேயே உட்காருவேன். அந்தப் பையன்கிட்ட ஒரு முன்னேற்றமாவது காட்டணும்."

டக். பேனா மேசைக்கு வந்தது.

ஏழாம் வாரத் திங்கட்கிழமை அதிசயம் நடந்தது. வாசு பத்தில் எட்டு எடுத்தான். செவ்வாய் ஒன்பது. புதன் முதல் பத்துக்குப் பத்து, பத்துக்குப் பத்து, பத்துக்குப் பத்து! ரமணி மேடம் கேமராவில் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடியே வந்தார். அவர் ஓடுவார் என்பதே மையத்தில் யாருக்கும் தெரியாது. காமாட்சி அக்காவுக்குத் திரையில் காட்டினார்கள். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் தரையில் தேங்கும் அளவுக்கு அழுதார். மறுநாள் மூன்று மாடிக்கும், கீழே வடை போடும் கன்னையா அண்ணனுக்கும், வாசலில் நின்ற கிராப் டாக்சி ஓட்டுநருக்கும் கேசரி கிடைத்தது.

"டீச்சர், செந்தூல்ல ஒரு தாடிக்கா பார்த்திருக்கேன்," என்றார் காமாட்சி. தாடிக்கா என்றால் பாலர் பள்ளி. முதன்முறையாக அவர் வாக்கியத்தை முழுதாக முடித்தார். "சொன்னதைக் கேட்டுச் செய்வான்னு மேடம் ரிப்போர்ட் கொடுத்தா சேர்த்துக்குவாங்களாம். இந்தத் தெருவுல இருக்கிற நாலு தாடிக்காவும் வேணாம்னு சொல்லிட்டாங்க. இது அஞ்சாவது."

ஐந்து வாரம் ஜனனி தரையில் கால் படாமல் நடந்தாள். கொமுட்டர் தாமதமானாலும் சிரித்தாள்.

ரிவ்யூவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வேறொரு பிள்ளை நீலப் பெயிண்டை அவள் இரு கையிலும் பூசிவிட்டது. பின்பக்கக் குழாயில் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு ஓடிவந்து வாசு முன் உட்கார்ந்தாள்.

"சிவப்பு எடு."

வாசுவின் கை மூன்று அட்டைக்கு மேலே சுற்றியது, கோயில் பிரகாரம் சுற்றுவது போல ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. நிற்கவே இல்லை. கடைசியில் சலித்துப்போய் மஞ்சளைத் தள்ளினான்.

பத்தில் ஒன்று.

காய்ச்சலோ என்று ஜனனி அவன் நெற்றியைத் தொட்டாள். இல்லை. பசியோ? டப்பாவைப் பார்த்து எச்சில் ஊறிக்கொண்டுதான் இருந்தான். முகத்தைக் கழுவிவிட்டு வருவோம் என்று குழாய்க்குப் போனாள். சோப்புத் தட்டில் அவள் வளையல்கள் இருந்தன. பெயிண்ட் கழுவக் கழற்றி வைத்த எட்டுக் கவரிங் வளையல், கைக்கு நான்கு. எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"நீலம் எடு." எடுத்தான். "சிவப்பு எடு." எடுத்தான். அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள்.

"மஞ்சள் எடு."

வாசுவின் கை சுற்றத் தொடங்கியது. நீலத்துக்கு மேலே வரும்போது ஜனனியின் முழங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. அவள் கையை உதறினாள்.

ஜல்.

வாசு நீலத்தைப் படக்கென்று பிடுங்கி, வெற்றி வீரன் மாதிரி முறுக்கு டப்பாவின் பக்கம் திரும்பினான்.

ஜனனி சிலையானாள். கொசு ஆற அமரச் சாப்பிட்டுவிட்டுப் போனது. பிறகு, "சிவப்பு எடு" என்றாள். அவன் கை மஞ்சளுக்கு மேலே வந்தபோது வேண்டுமென்றே வலக்கையைக் கொஞ்சம் அசைத்தாள். ஜல். மஞ்சளை எடுத்தான். இன்னொரு முறை. நீலத்தின் மேல் ஜல். நீலம்.

ஒவ்வொரு முறையும் அவன் கை சரியான அட்டைக்கு மேலே வந்த கணத்தில், அவளுக்கே தெரியாமல், அவள் வலக்கை முறுக்கு டப்பாவை நோக்கிக் கிளம்பியிருக்கிறது. வளையல் காட்டிக்கொடுத்திருக்கிறது. வாசுவுக்குச் சிவப்பும் தெரியாது, நீலமும் தெரியாது. ஜல் தெரியும், அது போதும். கேமராவுக்குக் காது இல்லாததால் ரமணி மேடத்துக்கும் தெரியவில்லை.

வளையல் எப்போது வந்தது? ஆறாம் வாரக் கடைசியில் சித்தி மகள் கல்யாணம். அம்மா கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கி மாட்டிவிட்டது. மையத்தில் தொங்கும் நகைக்கு அனுமதி இல்லை என்று சொன்னபோது, "தொங்கற நகைதானேடி வேணாம்னாங்க? வளையல் எங்கடி தொங்குது, அது பாட்டுக்குச் சுத்தியில்ல இருக்கு! பொம்பளப் பிள்ள மொட்டைக் கையோட வெளிய போகக் கூடாது" என்று அம்மா சட்டம் பேசி ஜெயித்துவிட்டார். ஏழாம் வாரத் திங்கட்கிழமை அதிசயம் நடந்தது என்றால் நடக்காமல் எங்கே போகும்?

அன்று மாலை ரயிலில் பூசணிக்காய் எல்லாம் இல்லை. மலையே உட்கார்ந்திருந்தது. சொன்னால் வேலை போகும். தாடிக்கா போகும். காமாட்சி அக்கா மறுபடி தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போவார். சொல்லாவிட்டால்? திங்கட்கிழமை வளையலோடு போய் உட்கார்ந்தால் போதும். பத்துக்குப் பத்து. கையெழுத்து. பிறகு ஒரு நாள் செந்தூல் தாடிக்காவில், வளையல் போடாத ஒரு டீச்சர், "சிவப்பு எடு" என்று இருபது பிள்ளைகள் முன்னால் வாசுவிடம் சொல்வாள். அவன் கை சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"நாப்பது அடி கண்டேனரை ஒரே மூச்சுல ரிவர்ஸ் எடுக்கறவன் பெத்த பிள்ள, நாலு வயசுப் பொடியனுக்குப் பயப்படுது! வெளிய சொன்னா என் லைசென்ஸைப் புடுங்கிருவாங்க."

"அப்பா, ஒரு லோரிக்குப் பிரேக் சரியில்ல. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்ஸ்பெக்‌ஷன்ல எப்படியோ பாஸ் ஆயிடும்னா என்ன செய்வீங்க?"

அப்பா கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. "எந்த லோரி? என் லோரியா? யாரு சொன்னா? அந்த மெக்கானிக் அய்யாவுப் பய சொன்னானா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

யார் கேட்டார்? கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சாவியை எடுத்துக்கொண்டு லோரி நிறுத்தும் யார்டுக்குப் போனவர், மாலை ஐந்து மணி வரை லோரிக்கு அடியிலேயே கிடந்தார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அவர் சட்டையைத் துவைக்கத்தான் மூன்று வாளித் தண்ணீர் தேவைப்பட்டது.

"பாவி, மனுஷனுக்கு ஹார்ட் அட்டாக் வர வச்சியே," என்றார் அம்மா. பிறகு, "சனிக்கிழமைன்னா என்ன? கையில வளையலைப் போடு. பார்க்கவே சகிக்கல" என்றார்.

திங்கட்கிழமை ஜனனி வளையலோடுதான் கிளம்பினாள். சுபாங் ஜெயாவில் கழற்றினாள். அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் மாட்டினாள். கே.எல். சென்ட்ரலில் மறுபடி கழற்றிப் பைக்குள் போட்டாள். மையத்தின் படியில் ஏறும்போது காமாட்சி அக்கா புதுச் சேலையில் எதிரே நின்றார். நெற்றியில் விபூதி.

"காலையிலயே கந்தசாமி கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன் டீச்சர். நான் ஆபீஸ்ல உட்கார்ந்து டிவியில பார்க்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்க. மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் நல்லாத் தூங்கி எழுந்தேன்."

ஜனனி கழிவறைக்குப் போய் எட்டையும் மாட்டிக்கொண்டாள்.

மேடத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட ஒரு முயற்சி செய்தாள், பொய் சொல்லக் கூடாது. கதவைத் தட்டினாள். ரமணி மேடம் நிமிர்ந்தார். ஜனனி வாயைத் திறந்தாள். முதலில் காற்று வந்தது. பிறகு, "குட் மார்னிங் மேடம்" வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

பத்து மணி. ரமணி மேடம் அறை மூலையில் குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார். கையில் பேனா. வாசு தன் இடத்தில் உட்கார்ந்து காற்றாடியைக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தான். மூலையில் கேமராவின் சிவப்புப் புள்ளி. அதற்கு அந்தப் பக்கம் காமாட்சி அக்கா.

"சிவப்பு எடு."

கை சுற்றியது. ஜல். சிவப்பு. முறுக்கு.

"நீலம் எடு." ஜல். நீலம்.

"மஞ்சள் எடு." ஜல். மஞ்சள்.

ரமணி மேடம் தலையசைத்தார். உலகம் தோன்றிய நாள் முதல் அவர் யாருக்கும் தலையசைத்ததில்லை. இன்னும் ஏழு. ஏழே ஏழு ஜல்.

நான்காவது கேள்வியைக் கேட்க வாயெடுத்த ஜனனி வாசுவைப் பார்த்தாள். அவன் அட்டைகளின் பக்கமே திரும்பவில்லை. தலையைச் சாய்த்து, இடது காதை அவள் வலது மணிக்கட்டுப் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். டாக்டர்கூட ஒரு நெஞ்சில் அத்தனை கவனமாகக் காது வைத்திருக்க மாட்டார். காற்றாடி சுற்றுவதைக்கூட மறந்துவிட்டான். ஆறு வாரமாக இந்தப் பிள்ளை அவளை எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்! அவளோ தாளில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

வலக்கை வளையல் நான்கையும் கழற்றினாள். பிறகு இடக்கை நான்கையும். மேசை ஓரத்தில் அடுக்கினாள்.

"மேடம்," என்றாள். குரல் கொசுவின் குரலாக இருந்தது. "இப்ப பாருங்க."

"சிவப்பு எடு."

வாசுவின் கை சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. காதை இன்னும் கொஞ்சம் சாய்த்தான். அவள் மொட்டை மணிக்கட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். நீலத்தைத் தள்ளினான். கழித்தல். அடுத்தது மஞ்சள். கழித்தல். ஆறாவது, ஏழாவது... கழித்தல், கழித்தல். ரமணி மேடத்தின் முகத்தைப் பார்க்கும் தைரியம் ஜனனிக்கு இல்லை. கேமராவைப் பார்க்கும் தைரியம் சுத்தமாக இல்லை.

எட்டாவதுக்கு அட்டையே மிஞ்சவில்லை. வாசு மூன்றையும் வீசினான். ஒன்று காற்றாடியில் பட்டு ரமணி மேடத்தின் மடியில் விழுந்தது. முறுக்கு டப்பா சுவரில் அடித்தது. பிறகு அவன் கத்திய கத்தலில் எதிர்ச் சாரிக் கடைகளில் பூ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். நாற்காலி கவிழ்ந்தது. மேசையை உதைத்துவிட்டு அதற்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டு, தலையைத் தரையில் இடிக்கத் தொடங்கினான். ஜனனி பாய்ந்து தரைக்கும் தலைக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்தாள். கடித்தான். இந்த முறை அவள் இழுக்கவில்லை. மெல்ல அழுத்தினாள். பிடி தளர்ந்தது. கையை மறுபடி தலைக்கு அடியில் வைத்தாள்.

வளையலை மாட்டி ஒரு முறை அசைத்தால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். மாட்டினால், கத்தினால் ஜல் கிடைக்கும் என்பதுதான் அவன் இன்று படித்த பாடமாகும். மாட்டவில்லை. அங்கேயே தரையில் ஒருக்களித்துப் படுத்துக் காத்திருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கை மரத்துப்போனது. ரமணி மேடம் நாற்காலியை விட்டு அசையவில்லை. வெளியே கதவுக்குப் பின்னால் ஒரு காலடி வந்து நின்றது. அது யார் என்று ஜனனிக்குத் தெரியும்.

அழுகை விம்மலானது. வாசு கடைசியாக மேசைக் காலை ஒரு உதை விட்டான். மேசை குலுங்கி, ஓரத்தில் இருந்த வளையல்கள் சிதறின. ஏழு விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டன. ஒன்று மட்டும் உருண்டு வந்து, அவன் மூக்குக்கு முன்னால் நின்ற இடத்தில் சுழன்று, ஜல்ஜல்ஜல்ஜல் என்று வேகம் கூடிக்கூடித் தரையோடு படிந்தது.

வாசுவின் விம்மல் நின்றது.

அதை எடுத்தான். காதில் வைத்து ஆட்டினான். ஒற்றை வளையல் பேசவில்லை. தவழ்ந்து போய் இன்னொன்றைப் பொறுக்கினான். இன்னொன்று. மூன்றையும் கொண்டுவந்து ஜனனியின் வலக்கையைப் பிடித்து, விரல் நுனியில் மாட்டித் தள்ளினான். பயத்தில் அவள் கை முஷ்டியாக இறுகிக் கிடந்தது. வளையல் ஏறவில்லை. அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மறுபடி தள்ளினான். மூன்றும் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தன. அவள் கையை அவனே பிடித்து ஆட்டினான்.

ஜல்.

பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்கு நேராக. வேர்த்து, மூக்கு ஒழுகி, கண்ணிமையில் முறுக்குத் தூள் ஒட்டிய ஒரு முகம், ஒருவேளை முழு மூன்று விநாடி, 'இன்னொரு தடவை' என்று கேட்டது.

அவள் கையை ஆட்டினாள். வெறும் மூன்று வளையல்தான். ஆனால் கோயில் மணி அத்தனையும் சேர்ந்து அடித்தது போல அவளுக்குக் கேட்டது.

டக்.

ரமணி மேடம் பேனாவைத் தரையில் வைத்திருந்தார். ஜனனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தனை வாரமா?" என்றார்.

"ஆறு வாரம் மேடம். வெள்ளிக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுது. காலையில சொல்ல வந்தேன். வாய் வரல."

"ஆறு வாரம் நான் அந்தத் திரையில பார்த்துட்டிருந்தேன்." ரமணி மேடம் குட்டி நாற்காலியில் இருந்து எழ முயன்றார். நாற்காலி கூடவே வந்தது. அதைப் பிடுங்கிப் போட்டார். "ஒரு நாள்கூட வந்து உட்காரல. இன்னும் ஏழு தடவை நீ கையை ஆட்டியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் ஜனனி. அதை நெனச்சா எனக்கு வயித்தைக் கலக்குது."

ரமணி மேடத்துக்கு வயிற்றைக் கலக்குமா! ஜனனி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மேடம் ஆறு வாரத் தாளையும் எடுத்துக் கோணல் கோணலாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

"இது எல்லாம் செல்லாது. ரிப்போர்ட் கிடையாது. உன் புரொபேஷன் இன்னும் ஒரு மாசம். வளையல் கூடாதுன்னு இன்னைக்கே சுவத்துல எழுதி ஒட்டறேன்." பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து நீட்டினார். "இதுல எழுது. தானாகக் கேட்டது: ஒண்ணு."

கதவு திறந்தது. காமாட்சி அக்கா நின்றார். புதுச் சேலையின் முந்தானை கசங்கி முஷ்டிக்குள் இருந்தது. கேமராவில் படம்தான் வரும், சத்தம் வராது. அவர் பார்த்தது அட்டை பறந்ததை, பிள்ளை தலையை இடித்ததை.

இதைத்தான் மூன்று நாளாக ஜனனி பயந்துகொண்டிருந்தாள். மேடத்தைக் கண்டு வந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் வெறும் ஒத்திகை. எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா. அவனுக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் தெரியாது. என் வளையல் சத்தத்தை வச்சு எடுத்துட்டிருந்தான். தப்பு என்னோடது."

காமாட்சி அக்காவின் தலை மெல்லக் குனிந்தது. அந்தக் குனிவு ஜனனிக்கு மனப்பாடம்.

"அப்ப ஒண்ணுமே தெரியாதா டீச்சர்?"

பதில் வாசுவிடம்தான் இருந்தது. அவன் மேசைக்கு அடியில் இருந்து மீதி வளையல்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். ஜனனியின் கையைப் பார்த்தான், அது சுவரைப் பிடித்திருந்தது. பக்கத்தில் இன்னொரு கை இருந்தது. முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்த அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு வளையலை மாட்டித் தள்ளினான். அடுத்தது. அடுத்தது. கையைப் பிடித்து ஆட்டினான். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

காமாட்சி அக்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை தானாக ஆடிக்கொண்டே இருந்தது.

"மூணு வருஷம்," என்றார், யாரிடமோ. "மூணு வருஷத்துல என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டதில்ல இவன்."

"ரெண்டு," என்றார் ரமணி மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஜனனி, ஒண்ணை அடிச்சிட்டு ரெண்டுன்னு எழுது."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாடிப்படியில் ஒரு கல்யாண ஊர்வலமே ஏறி வருவது போலச் சத்தம் கேட்டது. காமாட்சி அக்கா வாசுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை வளையல், கைக்கு இரண்டு டஜன். வாசு அவர் தோளில் தலையைச் சாய்த்து, ராஜா கச்சேரி கேட்பது போலக் கண்ணை மூடியிருந்தான்.

"ஐயோ அக்கா, கழட்டுங்க, எல்லாத்தையும் கழட்டுங்க!" என்று ரமணி மேடம் வாழ்க்கையில் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "அவன் கேட்டாத்தான் கொடுக்கணும்! கேக்கறதுக்கு முன்னாடியே இப்படிக் கொட்டினா அவன் எதுக்குக் கேப்பான்?"

செந்தூல் தாடிக்கா அந்த வருடம் கிடைக்கவில்லை. காமாட்சி அக்கா அதைச் சொன்னபோது ஜனனியின் வயிற்றில் பழைய பூசணிக்காய் புரண்டு படுத்தது. அது எங்கேயும் போய்விடவில்லை. வளையல் இல்லாமல், கையை மடியில் கட்டிப்போட்டுக்கொண்டு, "சிவப்பு எடு" என்று ஒவ்வொரு காலையும் அவள் பூஜ்யத்தில் இருந்து கேட்டாள். கழித்தலைக் கழித்தல் என்றே எழுதினாள்.

ஆனால் ரிவ்யூ நடந்த அந்தத் திங்கட்கிழமை மாலை, கிள்ளான் வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா பார்த்துவிட்டார்.

"வளையல் எங்கடி? மொட்டைக் கையோட ரயில்ல வந்திருக்க! எட்டு வளையல், எட்டும் எங்க?"

"வாசுகிட்ட இருக்கும்மா."

"யாரு அவன்?" அம்மாவின் குரல் தெருமுனை வரை போனது. அப்பா லோரிச் சாவியோடு ஓடிவந்தார். "எவன்டி அவன், பொம்பளப் பிள்ள வளையலைக் கழட்டறவன்?"

"நாலு வயசும்மா," என்றாள் ஜனனி. மூன்று நாளில் முதன்முறையாக அவளுக்குப் பசித்தது. "கடிப்பான். ஆனா கேட்டு வாங்கினான்."